ஏற்றத்தில் முள் ஏன் விழுகிறது?



அறுவடை முடிந்த சமயம். ஏரிப்பாசனக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். சொந்த டிராக்டர் வைத்திருப்பவர். முகம் வாடிப்போயிருந்தது.

"சார், வண்டி சமதரையில் நல்லாத்தான் ஓடுது. நெல்மூட்டை ஏத்திக்கிட்டு ஏரிக்கரை மேலே ஏறும்போது அழுத்தி ஆக்சிலேட்டர் கொடுத்தா, ஆயில் மீட்டர் முள்ளு கீழே விழுந்துடுது. கரைமேலே ஏறி நின்னா பழையபடி வந்துடுது. பட்டறையில கேட்டா, கிராங்க் போயிடுச்சு, இஞ்சினை முழுசாப் பிரிக்கணும்னு சொல்றாங்க. வீட்டில நகையை எடுத்து வச்சிருக்கேன். அடகு வைக்கப் போற வழியில உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

"அண்ணே, அடகுக் கடை எங்கேயும் ஓடிப்போகாது. ரெண்டு நாள் பொறுங்க. அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வண்டிக்கு என்ன கோளாறு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த ஆயில் பிரஷர் என்பது எங்கே பிறந்தது, அந்த முள் எப்படி நம் வண்டிக்கு வந்து சேர்ந்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். வரலாறு தெரிந்தால் கோளாறு தானாகவே பிடிபடும்.

வண்டி மசகிலிருந்து ஆரம்பம்

மாட்டுவண்டிக்கு மசகு போடுவதை நம்மில் பெரியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து, அச்சில் தடவி, சக்கரத்தை மாட்டுவார்கள். மாடு நடக்கும் வேகத்துக்கு அது போதும்.

நீராவி ரயில் வந்தபோது அது போதவில்லை. ஓடும் வண்டியை அடிக்கடி நிறுத்தி, ஆட்கள் இறங்கி, ஒவ்வொரு இடமாக எண்ணெய் விட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ரயிலில் அந்த வேலை பார்த்தவர் எலைஜா மெக்காய் என்ற கறுப்பின இளைஞர். அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போன பெற்றோரின் மகன். ஸ்காட்லாந்தில் இஞ்சினியரிங் படித்தவர். அந்தப் படிப்புக்கு உரிய வேலையை அவருக்குத் தர ஆளில்லை. கரி தள்ளவும் எண்ணெய் விடவும் வைத்தார்கள். வண்டி ஓடும்போதே எண்ணெய் தானாகச் சொட்டும்படி ஒரு கிண்ணத்தை அமைத்து, 1872-ல் அவர் உரிமைப் பட்டயம் வாங்கினார். வண்டியை நிறுத்தாமல் எண்ணெய் கொடுக்கலாம் என்பது ஒரு பெரிய படி.

ஆனால் எண்ணெய் உள்ளே போய் என்ன செய்கிறது என்பது அப்போதும் சரியாகத் தெரியவில்லை.

மரக்கட்டையைத் தள்ளிய எண்ணெய்

இங்கிலாந்தில் பூஷாம்ப் டவர் என்ற இஞ்சினியர் 1883-ல் ரயில் அச்சின் பேரிங்கை வைத்துச் சோதனை நடத்தினார். அச்சு கீழே எண்ணெயில் நனைந்தபடி சுற்றுகிறது. மேலே பாரம் ஏற்றிய பித்தளைப் பேரிங். அதன் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சைச் சுற்றவிட்டதும், உள்ளே போகவேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். பிறகு மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் மீட்டரை அந்தத் துளையில் மாட்டினார். முள் கடைசி எண்ணையும் தாண்டிப் போய்விட்டது.

சுற்றுகிற அச்சு தானே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், ஆப்பு மாதிரி இடுக்கில் திணிக்கிறது. அந்த எண்ணெய்ப் படலம் பாரத்தையே தூக்கி நிறுத்துகிறது. மூன்று வருஷம் கழித்து, 1886-ல், மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டு விளக்கினார். இன்றைக்கும் பேரிங் அமைப்பவர்களுக்கு அந்தக் கணக்குத்தான் அடிப்படை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் டிராக்டரில் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமயிர் கனத்துக்குள் அடங்கும் இடைவெளி. அதில் நிற்கும் ஆயில்தான் கிராங்கைச் சுமக்கிறது. சுமக்கும் சக்தியைக் கிராங்கின் சுற்றல் உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் ஆயில் இடைவிடாமல் அங்கே வந்துகொண்டிருக்க வேண்டும். கொண்டுவந்து சேர்ப்பது ஆயில் பம்பின் வேலை. வந்து சேருகிறதா என்று சொல்வது அந்த முள்.

பம்பும் மீட்டரும் வந்த கதை

பம்பு வைத்து, அழுத்தத்தோடு பேரிங்குக்கு எண்ணெய் செலுத்தும் முறையைப் பர்மிங்காம் நகரத்து பெல்லிஸ் கம்பெனியில் ஆல்பர்ட் பெயின் என்பவர் கொண்டுவந்தார். வருஷம் 1890. அது மின்சாரம் உற்பத்தி செய்வதற்கான வேகமான நீராவி இஞ்சினுக்காக ஏற்பட்டது. வேகம் கூடக் கூட, சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெய் போதாது என்று ஆகிவிட்டது.

மீட்டர் அதற்கும் மூத்தது. பாரிஸில் யூஜின் பூர்தோன் என்பவர் 1849-ல் பட்டயம் வாங்கியது. வளைந்த தட்டைக் குழாய் ஒன்று. உள்ளே அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். ஸ்பிரேயர், கம்ப்ரசர் இவற்றில் நீங்கள் பார்க்கிற வட்ட மீட்டர் பெரும்பாலும் அதே அமைப்புத்தான்.

ஆனால் எல்லா இஞ்சினுக்கும் உடனே பம்பு வந்துவிடவில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பே கிடையாது. மீட்டரும் கிடையாது. பின்பக்கம் சுற்றும் பிளைவீல் ஆயிலை வாரி இறைக்கும். அதை ஒரு குழாய் பிடித்து, வாய்க்கால் மாதிரி சரிவாக முன்பக்கம் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஆயில் பின்னால் வழிந்து, ஒவ்வொரு கனெக்டிங் ராடின் கீழேயும் உள்ள பள்ளத்தை நிரப்பும். ராடு அதில் முங்கி முங்கி எழும்.

சமதரையில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. நீண்ட மேட்டில் ஏறும்போது என்ன ஆகும்? வண்டியின் முகம் மேலே போகும். வாய்க்காலின் கடைமடை மேடாகிவிடும். மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏறாதது மாதிரி, முன்பக்கத்து முதல் ராடுக்கு ஆயில் போய்ச் சேராது. ஆயில் அளவும் குறைவாக இருந்தால், முதலில் கெடுவது அந்த முதல் ராடின் பேரிங்தான்.

ஏரிக்கரையில் நம் விவசாயியின் முள் விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, பார்த்தீர்களா?

நம் பக்கத்தில் கிணற்றடியில் ஓடிய பழைய லிஸ்டர் மாதிரி ஆயில் இஞ்சினை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1930-ஐ ஒட்டிப் பிறந்த அமைப்பு. பிற்பாடு ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தார்கள். ராடின் நுனியில் கரண்டி மாதிரி ஒன்று ஆயிலை அள்ளி அடிக்கும். நிமிஷத்துக்கு 650 சுற்று. ஒரே மேடையில் ஆடாமல் நிற்கும். ஆயில் எங்கேயும் ஓடிப்போகாது. அதனால்தான் மீட்டர் இல்லாமலே அது வருஷக்கணக்காக உழைத்தது. டிராக்டரும் ஜீப்பும் அப்படி அல்ல. வேகமாகச் சுற்றுகின்றன, மேடு ஏறுகின்றன, சாய்கின்றன, திடீரென்று பாய்கின்றன. அவற்றுக்குப் பம்பும் வேண்டும், முள்ளும் வேண்டும்.

பம்பு காற்றைக் குடித்தால்

ஆயில் பம்பை உங்கள் கிணற்றுப் பம்பாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இஞ்சினின் அடியில் உள்ள சம்ப்தான் கிணறு. சல்லடையோடு உள்ள குழாய்தான் சக்‌ஷன் பைப். கிணற்றில் தண்ணீர் இறங்கி ஃபுட்வால்வு வெளியே தெரிந்தால் பம்பு என்ன செய்யும்? காற்றைக் குடிக்கும். சத்தம் மாறும். டெலிவரியில் தண்ணீர் விட்டு விட்டு வரும். இஞ்சினிலும் அதேதான்.

வேகமாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் அது ஏன் நடக்கிறது? வண்டியில் நிறைகுடம் வைத்துக்கொண்டு மாட்டை விரட்டிப் பாருங்கள். வண்டி முன்னால் பாயும், தண்ணீர் பின்னால் அலம்பும். சம்ப்பில் உள்ள ஆயிலும் பின்பக்கம் ஒதுங்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். நின்ற வண்டி மூன்றேகால் விநாடியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் எடுத்தால், சம்ப்பில் ஆயில் சுமார் 17 டிகிரி சாயும். அதே சாய்வுள்ள மேட்டில் வண்டியை நிறுத்தியது போலத்தான். டிராக்டர் அவ்வளவு வேகமாகப் பாயாது. ஆனால் டிரெய்லரோடு கரை ஏறும்போது மேட்டின் சாய்வே அந்த வேலையைச் செய்துவிடும். அளவு சரியாக இருந்தால் சல்லடை ஆயிலுக்குள்ளேயே இருக்கும். அளவு குறைந்திருந்தால் வெளியே வந்துவிடும்.

பந்தயக் காரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதற்குச் சம்ப்பின் உள்ளே தடுப்புத் தகடு வைத்தார்கள். பிறகு ஆயிலைச் சம்ப்பில் தேக்குவதையே விட்டுவிட்டார்கள். ஒரு பம்பு ஆயிலை இறைத்துத் தனித் தொட்டியில் விடும். இன்னொரு பம்பு தொட்டியிலிருந்து இஞ்சினுக்கு அனுப்பும். 1954-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். கார் இந்த அமைப்போடு விற்பனைக்கு வந்தது. கிணற்றிலிருந்து தொட்டிக்கு இறைத்து, தொட்டியிலிருந்து வயலுக்குப் பாய்ச்சுவது நமக்குப் புதுசா என்ன?

சல்லடையை அடைக்கும் கசடு

சல்லடை ஆயிலுக்குள் இருந்தும் பம்புக்கு ஆயில் கிடைக்காமல் போகலாம். சல்லடை அடைத்திருந்தால் அப்படி ஆகும். ஆரம்ப காலத்து இஞ்சின்களில் இதுதான் பெரிய சங்கடம். 1923-ல் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்ற அமெரிக்கர் காருக்கு ஆயில் பில்டர் கொண்டுவந்தார். 1931-ல் கேட்டர்பில்லர் கம்பெனி டீசல் டிராக்டரை விற்க ஆரம்பித்தபோது, பழைய ஆயிலில் கரி படிந்து பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொண்டன. அதற்காகவே, சோப்பு அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்வது போலக் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆயிலைக் கலிபோர்னியாவின் எண்ணெய்க் கம்பெனி ஒன்று 1935-ல் கொண்டுவந்தது. டெலோ என்று பேர். இன்றைக்கு டீசல் ஆயில் போட்ட கொஞ்ச நாளிலேயே கறுத்துப்போகிறதே, அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. கரியைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சக்திக்கு ஒரு எல்லை உண்டு. மணிக்கணக்குத் தாண்டியும் மாற்றாமல் விட்டால், கரி கசடாகி அடியில் தங்கும்; சல்லடையில் படியும்.

முறையாகச் சோதிப்பது எப்படி?

இனி கோளாறைக் கண்டுபிடிக்கும் வரிசையைச் சொல்கிறேன். காசு செலவில்லாததை முதலில் பாருங்கள். இஞ்சினைப் பிரிப்பது கடைசி.

முதலாவது, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பத்து நிமிஷம் கழித்து அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் நிரப்புங்கள். மேல்கோட்டுக்கு மேலேயும் ஊற்றக்கூடாது. அதிகமானால் கிராங்க் அதில் அடித்து, மத்தால் கடைந்த மாதிரி நுரையாக்கிவிடும். நுரையைப் பம்பு இழுத்தாலும் முள் இறங்கும்.

இரண்டாவது, குச்சியில் உள்ள ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஆயில் தண்ணியாக இருந்து, அளவும் ஏறியிருந்தால், டீசல் உள்ளே கசிகிறது. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் வண்டியை ஓட்டவே கூடாது.

மூன்றாவது, முள் பொய் சொல்கிறதா என்று பாருங்கள். மீட்டருக்குப் போகும் ஒயரும் சென்சாரும் கெட்டுப்போவது உண்டு. மெக்கானிக்கிடம் தனி மீட்டர் இருக்கும். சென்சார் இருக்கும் இடத்தில் அதை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டி என்றால் இது இன்னும் முக்கியம். பிரஷர் அநேகமாக அற்றுப்போன பிறகுதான் பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு எரியும்.

நான்காவது, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நின்ற இடத்திலேயே மூன்று விதமாகப் பாருங்கள்.

சூட்டில், மெதுவாக ஓடும்போதே முள் தாழ்வாக இருந்து, வேகம் கூட்டினால் ஏறுகிறது என்றால், பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது ஆயில் நீர்த்திருக்கலாம். வாய்க்கால் கரையில் நண்டு வளை அதிகமானால் தண்ணீர் மட்டம் ஏறாது அல்லவா? அதுபோல, இடைவெளி பெரிதானால் ஆயில் கசிந்து ஓடிவிடும், அழுத்தம் நிற்காது.

மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, நின்ற இடத்தில் வேகம் கூட்டும்போது முள் ஏறி, பிறகு ஆடி இறங்குகிறது என்றால், சல்லடை அடைப்பைச் சந்தேகப்படுங்கள். சக்‌ஷன் குழாயில் வெடிப்பு, வாஷர் வழியாகக் காற்று இழுப்பு இவையும் காரணமாகலாம். வேகம் கூடும்போது பம்பு அதிகம் கேட்கிறது. வழி குறுகலாக இருப்பதால் கிடைக்கவில்லை.

எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி தாழ்வாக இருந்தால், அதிக அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு தூசு பட்டுத் திறந்தபடி நிற்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பம்பே தேய்ந்திருக்கலாம்.

நின்ற இடத்தில் மூன்றும் சரியாக இருந்து, மேடு ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் மட்டும் விழுந்தால், அப்போது ஆயில் சல்லடையை விட்டு ஒதுங்குகிறது. அளவைப் பாருங்கள், சம்ப்பின் தடுப்புத் தகடு, சக்‌ஷன் குழாய் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை பவுண்டு இருக்கவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கே சரி. இன்னொன்று. முள் ஏறவேண்டும் என்பதற்காகக் கெட்டி ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். முள் ஏறும், கோளாறு உள்ளேயே இருக்கும். காய்ச்சல்காரரை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றிவிட்டு, குணமாகிவிட்டது என்று சொல்வது போல ஆகும்.

ஓட்டும்போது முள் விழுந்தால் என்ன செய்வது? உடனே ஆக்சிலேட்டரைக் குறைத்து, பாதுகாப்பான சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிடுங்கள். "வீடு வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைத்தால், அந்தக் கொஞ்ச தூரத்திலேயே பேரிங் உருகிக் கிராங்கில் பிடித்துக்கொள்ளும். அப்படி இஞ்சின் ஜாம் ஆகி, நடவு நேரத்தில் வண்டியை இழுத்துக்கொண்டுபோன ஒருவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரை வண்டிக்கு என்ன ஆச்சு?

சொன்னபடி மறுநாள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். குச்சியை எடுத்தோம். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். "உழவு ஆரம்பிக்கறப்போ பார்த்தது சார்" என்றார். அறுவடையே முடிந்துவிட்டது! வடிகால் போல்ட்டின் வாஷர் வழியாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தது.

வாஷரை மாற்றி ஆயிலை நிரப்பினோம். தனி மீட்டர் மாட்டினோம். சூட்டில் மெதுவாக ஓடும்போது புத்தகத்தில் போட்ட அளவு அப்படியே நின்றது. அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. பேரிங் தேய்ந்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். நின்ற இடத்தில் வேகம் கூட்டினோம். முள் ஏறியது, ஆடியது, இறங்கியது. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். இருவரும் ஒன்றையே நினைத்தோம். சம்ப்பை இறக்கிப் பார்த்தால், முன்பு எப்போதோ நடந்த வேலையில் அள்ளி அப்பிய கேஸ்கெட் பசை, நாடா நாடாக உரிந்து சல்லடையில் பாதியை மூடியிருந்தது.

ஆக, இரண்டு கோளாறு சேர்ந்து ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. கிணற்றில் தண்ணீரும் குறைவு, ஃபுட்வால்வும் அடைப்பு. சல்லடையைக் கழுவி, பேரிங் ஒன்றைக் கழற்றிப் பார்த்து, அது பளபளவென்று இருக்கவே மறுபடி பூட்டி, புது ஆயில், புது பில்டர் போட்டோம். பாரத்தோடு கரை ஏறிப் பார்த்தோம். முள் அசையவில்லை.

செலவு ஆயில், பில்டர், கேஸ்கெட், மெக்கானிக் கூலி. அவ்வளவுதான். அவர் வீட்டம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தினமும் காலையில வாசல் தெளிக்கறப்போவே அந்தக் குச்சியைப் பார்க்கச் சொல்றேன் சார்" என்றார். நகை திரும்பப் பெட்டிக்குள் போயிற்று.

தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் குச்சியைப் பாருங்கள். ஓட்டும்போது முள்ளைப் பாருங்கள். முள் விழுந்தால், "ஆயில் எங்கே போச்சு?" என்று முதலில் கேளுங்கள். கிராங்கைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.